முதல் துப்பாக்கி: ஏர் ரைஃபிளா, ஏர் பிஸ்டலா? ஸ்பிரிங்கா, காற்றுச் சிலிண்டரா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் வந்தவை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் ஒன்று; அதே பிஸ்டலில் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணியில் இன்னொன்று; 50 மீட்டர் ரைஃபிளில் ஸ்வப்னில் குசாலே மூன்றாவது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர் என்பதும் இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு பிள்ளை "நானும் சுடணும்" என்று கேட்கும்போது பெற்றோர் முன்னால் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எதை வாங்குவது?

கடைக்காரரைக் கேட்டால் வேகத்தைச் சொல்வார். ஆன்லைனில் பார்த்தால் விலையும் நட்சத்திர மதிப்பும் தெரியும். இரண்டையும் ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். ட்ரிக்கரை அழுத்திய கணத்திலிருந்து பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டு குழலை விட்டு வெளியே போகும்வரை துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது, அந்த நேரத்தில் சுடுபவரின் உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது, இந்த இரண்டும் புரிந்தால் எந்தத் துப்பாக்கி என்பது தானாகவே விளங்கிவிடும். புரியாமல் வாங்கியவை பரணில் தூங்குவதை நிறையவே பார்க்கிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் பாதிப் பேருக்குப் பயமே அங்கேதான். ஆயுத விதிகள் 2016-ன்படி, குழலின் துளை 4.5 மி.மீ.க்கு மேற்படாமலும் குழல்முனை ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. ஒலிம்பிக் ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் இந்த எல்லைக்கு ரொம்பக் கீழே இருப்பவை. போட்டி ரைஃபிள் ஒன்று 7.5 ஜூல் அளவில்தான் சுடுகிறது. அதனால் சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் விளையாட்டைப் பற்றி யோசிக்கலாம். பறவை, அணில் பக்கம் குழலைத் திருப்பினால் மட்டும் கதை வேறு. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பிள்ளையிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கி

கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். குழலை மடக்கி இழுத்தால் உள்ளே ஒரு கனத்த ஸ்பிரிங் சுருங்கி, பிஸ்டன் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். ட்ரிக்கரை அழுத்தினால் கொக்கி விடுபடும், பிஸ்டன் முன்னால் பாயும், அதற்கு முன்னால் இருக்கும் காற்று ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கடுமையாக அழுந்தும், அந்த அழுத்தம் பெல்லட்டைத் தள்ளும். கவனியுங்கள்: பெல்லட் நகரத் தொடங்குவதற்கு முன்பே துப்பாக்கிக்குள் ஒரு கனமான இரும்புத் துண்டு ஓடத் தொடங்கிவிடுகிறது. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் முட்டும்போது துப்பாக்கி முன்னால் இழுபடும். பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே இவ்வளவும் நடந்து முடிகிறது.

இதனால்தான் ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் குறி ஓடுகிறது. நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி பிடித்தால் குண்டு விழும் இடமும் மாறும். லேசாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியாக அது தன்போக்கில் அசையும்படி விட வேண்டும். இதைப் பழகியவர்கள் அருமையாகச் சுடுகிறார்கள். ஆனால் முதல் மாதத்தில் இருக்கும் 12 வயதுப் பிள்ளைக்கு, டார்கெட்டில் நடுவில் விழ வேண்டிய 10-க்குப் பதிலாக 7 விழுந்தது தன் தவறா துப்பாக்கியின் உதைப்பா என்று எப்படித் தெரியும்? தெரியாது. எதைத் திருத்துவது என்று புரியாமல் சோர்ந்துபோகும். ஸ்பிரிங் துப்பாக்கியின் மேல் எனக்கிருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.

இன்னொரு சிக்கல், டிரை ஃபயர். பெல்லட் போடாமல் ட்ரிக்கர் அழுத்திப் பழகுவதை அப்படிச் சொல்கிறோம். நல்ல வீரர்கள் வீட்டில் செய்யும் பயிற்சியில் பெரும்பகுதி இதுதான். குறியைப் பிடிப்பது, மூச்சை நிறுத்துவது, ட்ரிக்கரை அழுத்துவது, அழுத்திய பிறகும் குறியிலேயே நிற்பது என எல்லாவற்றையும் ஒரு பைசா செலவில்லாமல் பழகலாம். ஸ்பிரிங் துப்பாக்கியில் இதைச் செய்ய முடியாது. பெல்லட் இருந்தால்தான் அதன் பின்னால் அழுந்தி நிற்கும் காற்று பிஸ்டனுக்கு மெத்தையாகும். பெல்லட் இல்லையென்றால் பிஸ்டன் நேராகப் போய் இடித்து, காற்று கசியாமல் அடைக்கும் சீல் கிழியும், ஸ்பிரிங்கும் கெடும்.

எண்ணெய் விஷயத்தையும் சொல்ல வேண்டும். காற்று சட்டென்று அழுந்தும்போது சூடாகிறது. சிலிண்டருக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் அதிகமாகப் போய்விட்டால் அந்தச் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுவே. பட்டாசுச் சத்தம், குழல்முனையில் புகை, பெல்லட் எங்கோ போகும். "பவர் ஏறிடுச்சு" என்று இதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சீல் எரிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஸ்பிரிங்கை வைத்தும் உச்சத்துக்குப் போன காலம் ஒன்று இருந்தது. ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பௌ நிறுவனம் தன் 300 மாடலில் துப்பாக்கியின் மேல்பகுதி முழுவதையும் தண்டவாளம் போன்ற ஓர் அமைப்பின் மேல் வைத்தது. சுடும்போது அது தனியாகப் பின்னால் நழுவும், தோளில் இருக்கும் கட்டை அசையாது. 1970-களில் உலகப் போட்டிகளை ஆண்ட துப்பாக்கி அது. இன்றைக்கும் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் அதை ஏளனமாகப் பார்க்காதீர்கள். சாதாரண மடக்கு ரைஃபிளோடு அதைச் சேர்த்துப் பேசவே கூடாது.

காற்றுச் சிலிண்டர்

பிசிபி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முன்கூட்டியே அழுத்திய காற்றைச் சிலிண்டரில் அடைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரு சிறு அளவை மட்டும் வெளியே விடுவது. போட்டித் துப்பாக்கிகளில் சிலிண்டர் நிரம்பும்போது அழுத்தம் 200 பார். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த 200 பார் நேரடியாகப் பெல்லட்டுக்குப் போவதில்லை. நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் அதை மிகக் குறைந்த, மாறாத ஓர் அழுத்தத்துக்கு இறக்கி ஒரு சின்ன அறையில் வைக்கிறது. ட்ரிக்கர் ஒரு சுத்தியலை விடுவிக்கும், சுத்தியல் வால்வைத் தட்டும், அறையில் இருக்கும் காற்று பெல்லட்டின் பின்னால் பாயும். சிலிண்டர் நிறைய இருந்தாலும் பாதியாகக் குறைந்தாலும் அறைக்கு வரும் அழுத்தம் ஒன்றே. அதனால் முதல் ஷாட்டும் 60-ஆவது ஷாட்டும் ஒரே வேகத்தில் போகின்றன.

உள்ளே ஓடும் உறுப்பு என்று பார்த்தால் கிராம் கணக்கில் எடையுள்ள ஒரு சுத்தியல், அவ்வளவுதான். அதன் சின்ன அதிர்வையும் எதிர்ப்பக்கம் ஓடும் ஓர் எடையை வைத்துப் பல மாடல்களில் சமன் செய்துவிடுகிறார்கள். சுடும்போது துப்பாக்கி அசைந்ததே தெரியாது. இதுதான் புதியவருக்கு இதை நான் சிபாரிசு செய்யக் காரணம். 8 விழுந்தால் அது உங்கள் 8. ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்தீர்களா, ஷாட் போவதற்கு முன்பே தலையைத் தூக்கினீர்களா என்று டார்கெட் நேர்மையாகச் சொல்லும். டிரை ஃபயருக்கென்றே தனி அமைப்பும் பெரும்பாலான போட்டி மாடல்களில் உண்டு.

விலைதான் பிரச்சினை. ஐரோப்பியப் போட்டி மாடல் என்றால் லட்சங்களில் பேச வேண்டும். அத்தோடு காற்று அடைக்க வழி வேண்டும்: கைப் பம்ப், அல்லது ஸ்கூபா வகைப் பெரிய சிலிண்டர், அல்லது கம்ப்ரசர். கைப் பம்ப் மலிவு. ஆனால் சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம், பம்ப் அடிக்கும்போது அதுவும் சிலிண்டருக்குள் போய்ச் சேரும், துருவுக்கு வழி. உலர்ந்த காற்றைப் பெரிய சிலிண்டரிலிருந்து மெதுவாக நிரப்புவதே நல்லது. மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே வந்துவிடுங்கள். அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் தானாகவே பற்றி வெடிக்கும், கை போகும், கண் போகும்.

கார்பன் டை ஆக்சைடில் ஓடும் பழைய போட்டி பிஸ்டல்கள் சிலசமயம் குறைந்த விலைக்கு வரும். இந்த ஊர் வெயிலுக்கு அவை ஒத்துவராது. சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கும், அதன் மேல் நிற்கும் ஆவியின் அழுத்தம்தான் பெல்லட்டைத் தள்ளுவது. 20 டிகிரியில் அந்த அழுத்தம் சுமார் 57 பார், வெப்பம் ஏற ஏற அதுவும் ஏறும். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம் என்ற நிலையே இல்லாமல் போய், அழுத்தம் இன்னும் வேகமாக உயரும். மே மாதத்தில் ஏசி இல்லாத ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், காலை 7 மணிக்கும் 11 மணிக்கும் ஒரே இடத்தில் குண்டு விழ வாய்ப்பில்லை.

வேகம் என்ற மயக்கம்

பெட்டியின் மேல் "1000 எஃப்பிஎஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நொடிக்கு 1000 அடி, அதாவது 305 மீட்டர். ஒலிம்பிக் ரைஃபிளின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான். பிஸ்டல் இன்னும் குறைவு, 150 சுற்றுவட்டாரத்தில். உலகத்திலேயே மிகத் துல்லியமான காற்றுத் துப்பாக்கிகள் வேகத்தில் பாதிதான் இருக்கின்றன என்றால் அதில் விஷயம் இருக்கிறது. 10 மீட்டரில் ஒரு காகிதத்தைச் சுத்தமாக வெட்ட அந்த வேகம் போதும். ஒலியின் வேகத்தை நெருங்கும் பெல்லட் காற்றில் தடுமாறத் தொடங்கும். தவிர, 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 275 மீட்டரைத் தொட்டாலே 20 ஜூல் வந்துவிடும். அந்த எடை பெல்லட்டில் பெட்டியில் போட்ட 1000 அடி உண்மையிலேயே கிடைத்தால், அந்தத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்கும் பக்கத்துக்குப் போய்விடுகிறது!

பெல்லட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அருகில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் தட்டை. இடை ஒடுங்கியிருக்கும். பின்பக்கம் உள்ளே குழிவாக, ஓரம் மெல்லியதாக விரிந்திருக்கும். பின்னாலிருந்து காற்று தள்ளும்போது அந்த மெல்லிய ஈய ஓரம் வெளிப்பக்கம் விரிந்து குழலின் வரிப்பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும், காற்று கசியாது. வரிப்பள்ளங்கள் திருகலாகச் செல்வதால் பெல்லட் சுழன்றுகொண்டே வெளியேறும். தட்டையான முன்பக்கம் காகிதத்தைப் பஞ்ச் அடித்தது மாதிரி வட்டமாக வெட்டும், ஸ்கோர் பார்க்கச் சந்தேகம் வராது. கூர்முனை பெல்லட் காகிதத்தைக் கிழிக்கும், 9-ஆ 10-ஆ என்று சண்டைதான் வரும்.

ஒரே கம்பெனியின் ஒரே மாடல் பெல்லட்டிலும் தலை விட்டம் 4.49, 4.50 என்று தனித்தனி டின்களில் வரும். எது உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. துப்பாக்கியைக் கவ்வியில் இறுக்கி வைத்து ஒவ்வொன்றிலும் 5 சுட்டுப் பார்க்க வேண்டும், எதில் ஓட்டை மிகச் சிறிதாக வருகிறதோ அதுதான். தொடக்கத்தில் இந்த அளவுக்கு மெனக்கெட வேண்டாம். ஆனால் டின்னின் அடியில் நசுங்கிக் கிடக்கும் பெல்லட்டைச் சுட்டுவிட்டு ஸ்கோருக்காக அழவும் வேண்டாம். பெல்லட் ஈயம் என்பதையும் மறக்கக் கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளை டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது. ரேஞ்சில் நான் கண்டிப்பு காட்டும் விஷயங்களில் இது முதலாவது.

ரைஃபிளா, பிஸ்டலா?

இனி முக்கியமான இடம். ரைஃபிள் டார்கெட்டின் 10 என்பது அரை மி.மீ. புள்ளி. பிஸ்டல் டார்கெட்டின் 10 என்பது 11.5 மி.மீ. வட்டம். பார்த்ததும் எல்லோரும் சொல்வது, "அப்ப பிஸ்டல்தானே ஈஸி?" கொஞ்சம் கணக்குப் போடலாம்.

பெல்லட்டின் விளிம்பு 10 வட்டத்தைத் தொட்டாலே 10. பெல்லட்டின் அகலம் 4.5 மி.மீ. அப்படியானால் ரைஃபிளில் பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். பிஸ்டலில் 8 மி.மீ. வரை விலகலாம். இதை இப்போது துப்பாக்கிக்குக் கொண்டுவருவோம். குறி பார்க்க உதவும் அமைப்புக்குச் சைட் என்று பெயர். ரைஃபிளில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. போல தூரம் இருக்கும். 10 மீட்டரில் 2.5 மி.மீ. விலகல் என்பது சைட்டில் 0.2 மி.மீ. பிஸ்டலில் அந்த இடைவெளி 33 செ.மீ. அளவில்தான். 8 மி.மீ. விலகல் அங்கே 0.26 மி.மீ. ஆக, சைட் வரிசை தவறினால் கிடைக்கும் மன்னிப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே! டார்கெட் பெரிதாக இருப்பது கண்ணுக்குத் தெரியும் சலுகை மட்டும்தான். அந்தக் கால் மி.மீ.யை, நீட்டிய ஒற்றைக் கையில், எந்தத் தாங்கலும் இல்லாமல் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் பிஸ்டல்.

ரைஃபிளில் உடம்பே ஸ்டாண்ட் ஆகிறது. எடை 5.5 கிலோ வரை போகலாம். முன்கையின் முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றும், முதுகு லேசாகப் பின்னால் வளைந்து திரும்பும், எடை தசையில் நிற்காமல் எலும்பு வழியாகத் தரைக்கு இறங்கும். கான்வாஸும் தோலும் வைத்துத் தைத்த ஜாக்கெட், பேண்ட், தட்டை அடி கொண்ட பூட்ஸ், கையுறை எல்லாம் இந்த நிலையைத் தாங்கிப் பிடிக்கத்தான். துணியின் தடிமன், விறைப்பு எல்லாவற்றுக்கும் சர்வதேசச் சம்மேளனம் அளவு வைத்திருக்கிறது, போட்டிக்கு முன்னால் கருவி வைத்துச் சோதிப்பார்கள். பின் சைட்டில் ஊசித்துளை போன்ற ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும், முன் சைட்டில் ஒரு வளையம், அந்த வளையத்துக்குள் டார்கெட்டின் கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் வட்டம் என்பதால் கண்ணுக்கு எளிது. சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும்போது அருகிலிருப்பதும் தூரத்திலிருப்பதும் ஓரளவு ஒன்றாகத் தெளிவாகும், அதனால் நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கும் ரைஃபிள் ஒத்துழைக்கும்.

"சார், ஸ்கோப் மாட்டிட்டா நல்லாத் தெரியுமே?" என்று கேட்பவர் வாரத்துக்கு ஒருவர் வருவார். போட்டியில் தொலைநோக்கி சைட்டுக்கு அனுமதி இல்லை. அதில் பழகினால் பிறகு மறக்க வேண்டியதுதான் அதிகம்.

பிஸ்டல் நேர் எதிர். எடை 1.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, ட்ரிக்கர் 500 கிராமுக்குக் குறைவான அழுத்தத்தில் விடுபடக்கூடாது, ஒரே கை, மணிக்கட்டுக்குத் தாங்கல் கூடாது. ஜாக்கெட் கிடையாது. கணுக்காலை மூடாத ஷூ, டி-ஷர்ட், போதும். பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டுக் கலப்பு அணியில் வெள்ளி வாங்கிய படம் உலகம் முழுக்கச் சுற்றியதே, அது ஸ்டைலுக்குச் செய்தது அல்ல. சும்மா இருக்கும் கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ நிறுத்தி வைத்தால் உடம்பின் ஆட்டம் குறையும், பிஸ்டல் சுடும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பிஸ்டலில் கை ஆடும். எல்லாருக்கும் ஆடும், பதக்கம் வாங்கியவருக்கும் ஆடும். ஆட்டத்தை நிறுத்த முயல்வதில்லை. ஆட்டம் 10-க்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சைட்டைக் குலைக்காமல் ட்ரிக்கரை அழுத்தப் பழகுகிறோம். கண் முன் சைட்டில் கூர்மையாக நிற்க வேண்டும், டார்கெட் மங்கலாகத்தான் தெரியும். புதியவர் எல்லோரும் டார்கெட்டைப் பார்ப்பார்கள், சைட் சாயும், 6 விழும். ரைஃபிளில் ஒரு மாதத்தில் ஸ்கோர் சொல்லிக்கொள்ளும்படி வந்துவிடும். பிஸ்டலில் முதல் மாதங்கள் மனசை வாட்டும். அதைத் தாங்கும் பிள்ளையா என்பது பெற்றோருக்குத்தான் தெரியும்.

ஸ்கோர் போடும் முறையிலும் வேறுபாடு உண்டு. இரண்டிலும் 60 ஷாட், 75 நிமிடம். ரைஃபிளில் தசம ஸ்கோர்: ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. தகுதிச் சுற்றில் எல்லோரும் 10 சுடுவார்கள், 10.3-க்கும் 10.6-க்கும் இடையில்தான் போட்டியே. பிஸ்டலில் முழு எண், 600-க்கு. 10-க்குள் எங்கே பட்டாலும் 10. ஒரே ஒரு 7 நாளையே கெடுக்கும். சின்னச் சின்னத் திருத்தங்களை மணிக்கணக்கில் சலிக்காமல் செய்யும் குணமுள்ளவருக்கு ரைஃபிள் பிடித்துப்போகும். கெட்ட ஷாட்டை உடனே மறந்துவிட்டு அடுத்ததற்குக் கையைத் தூக்கத் தெரிந்தவருக்குப் பிஸ்டல்.

செலவுக் கணக்கில் பிஸ்டல் ஜெயிக்கும். துப்பாக்கி விலையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும், ரைஃபிளுக்கு ஜாக்கெட், பேண்ட், பூட்ஸ் என்று தனியாகப் பல்லாயிரம் போகும், வளரும் பிள்ளைக்கு இரண்டு வருஷத்தில் எல்லாமே சின்னதாகிவிடும். பெல்லட் செலவு இரண்டுக்கும் ஒன்றே: நாளைக்கு 100 சுட்டால் 500 உள்ள டின் 5 நாளில் காலி. பயிற்சிக்குச் சாதாரண டின்னும் போட்டிக்கு நல்ல டின்னும் என்று பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரைஃபிள் நிலை முதுகின் கீழ்ப்பகுதியை ஒரே பக்கமாக வளைத்து வைக்கிறது. வளரும் வயதில் தினமும் இரண்டு மணி நேரம் அப்படி நின்றுவிட்டு எதிர்ப்பயிற்சி எதுவும் செய்யாவிட்டால் இடுப்பு வலி நிச்சயம். பிஸ்டலில் தோளும் மணிக்கட்டும் வாங்கும். 10 வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோ எடையை நீட்டிப் பிடித்து 60 தடவை தூக்கு என்று சொல்வது கொடுமை. அந்த வயதில் தாங்கலில் வைத்து ட்ரிக்கர் மட்டும் பழகட்டும்.

.22 பற்றி

குசாலேயைப் பார்த்துவிட்டு நேரே 50 மீட்டர் ரைஃபிளான .22-க்குப் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. இப்போதைக்கு வேண்டாம். இதில் போடுவது வெடிமருந்துத் தோட்டா. பித்தளைக் கேஸின் அடி விளிம்புக்குள் அதிர்ந்தால் பற்றும் மருந்து தடவியிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கும், தீப்பொறி உள்ளிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும், வாயு பெருகி 2.6 கிராம் ஈயக் குண்டைத் தள்ளும். அதே நேரம் கேஸ் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயு பின்னால் வராமல் அடைக்கும், அழுத்தம் குறைந்ததும் திரும்பச் சுருங்கும். விளிம்பு நசுங்கிவிடுவதால் அந்தக் கேஸை மறுபடி பயன்படுத்த முடியாது. போட்டித் தோட்டாக்கள் வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, நொடிக்கு 330 மீட்டரை ஒட்டிச் சுடும்படி செய்யப்படுபவை. ஒலியின் வேகத்துக்கு மேலிருந்து கீழே இறங்கும்போது வரும் தடுமாற்றத்தைத் தவிர்க்கத்தான். ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியும் ஒவ்வொரு மாதிரி சுடும் என்பதால் பெரிய வீரர்கள் தங்கள் குழலுக்கு ஏற்ற தொகுதியைத் தேடிச் சோதித்து மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்.

ஆற்றல் 140 ஜூல் அளவில், ஏர் ரைஃபிளைப் போல ஏறக்குறைய 19 மடங்கு. குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் போகும். லைசென்ஸ் வேண்டும், 50 மீட்டர் ரேஞ்ச் வேண்டும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. வீட்டில் பழக முடியாது. அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் சமாதானமாகிவிடுகிறார்கள். ஏர் ரைஃபிளில் நிற்கக் கற்றவர் .22-க்கு மாறுவது சுலபம். சட்டப்படியும் வசதிப்படியும் அதற்கு நேரம் இருக்கிறது.

சரி, எதை வாங்குவது?

முதல் மூன்று, நான்கு மாதங்களுக்கு எதையும் வாங்காதீர்கள். ரேஞ்சின் துப்பாக்கியில் ரைஃபிள், பிஸ்டல் இரண்டையும் சுட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் இருக்கும் நல்ல கோச் எதில் தேர்ந்தவர் என்பதும் பெரிய காரணம். பிஸ்டல் கோச்சிடம் ரைஃபிள் கற்றுக்கொள்வது இரண்டு பேருக்குமே சிரமம். எந்தக் கண் முதன்மையானது என்று பார்த்துவிடுங்கள்: இரு கைகளையும் நீட்டிச் சின்ன முக்கோண இடைவெளி வைத்து அதன் வழியாகக் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரிந்துவிடும். வலது கையும் இடது கண்ணும் என்று வந்தால் பிஸ்டலில் பெரிதாகத் தொல்லையில்லை, கையைக் கொஞ்சம் உள்பக்கம் கொண்டுவந்தால் போதும். ரைஃபிளில் கன்னத்தைக் கட்டையில் வைப்பதால் எந்தத் தோள் என்பதையே யோசிக்க வேண்டியிருக்கும்.

இரண்டும் சமமாகப் பிடித்திருக்கிறது, பட்ஜெட் இறுக்கம் என்றால் என் வாக்கு பிஸ்டலுக்கு. ஒற்றைத் துப்பாக்கி, ஒரு சின்னப் பெட்டி, பஸ்ஸிலேயே ரேஞ்சுக்குப் போய் வரலாம். வீட்டுச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளியை ஒட்டி தினமும் அரை மணி நேரம் டிரை ஃபயர் செய்யலாம். பிள்ளை 12 வயதுக்கும் கீழே, அல்லது சீக்கிரம் பலன் தெரிந்தால்தான் ஆர்வம் நிற்கும் என்றால் ரைஃபிள். ஊசித்துளை இல்லாத சாதாரண சைட் கொண்ட ஓப்பன் சைட் ரைஃபிளுக்கென்று தனிப் பிரிவு உள்ள போட்டிகளும் உண்டு, விலை குறைந்த துப்பாக்கியோடு அங்கே தொடங்கலாம். ஸ்பிரிங் ரைஃபிள், தோட்டத்தில் டின் சுடும் பொழுதுபோக்குக்கு இருக்கட்டும். அதற்கும் பின்னால் மண் திட்டோ தடித்த பலகையோ வேண்டும், கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டி ஆசை உள்ள பிள்ளைக்கு அது முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

புதிய போட்டி மாடலுக்குப் பணம் போதவில்லை என்றால் பழைய பிசிபி தாராளமாக வாங்கலாம், நன்றாகப் பராமரித்த துப்பாக்கி பல வருஷம் உழைக்கும். மூன்று சோதனைகள் போதும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள்; பத்து வருஷம் தாண்டியிருந்தால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், புதிய சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். காற்றை நிரப்பி மானியைக் குறித்துவிட்டு ஒரு ராத்திரி அப்படியே வைக்கச் சொல்லுங்கள், காலையில் முள் இறங்கியிருந்தால் சீல் கசிகிறது. அப்புறம் கவ்வியில் வைத்து 10 மீட்டரில் 5 சுடுங்கள். ஐந்தும் ஒரே ஓட்டையில் விழ வேண்டும். விழாவிட்டால் வேறு பெல்லட்டில் ஒருமுறை பாருங்கள், அதிலும் சிதறினால் விற்பவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.